இன்னொருவர் பெயரில் கொடுத்த வாக்கு





இவ்வாரச் சிந்தனையை ஒரு மதிற்சுவரிலிருந்து தொடங்குகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு சேகரத்தில், ஐப்பசி மழையில் ஆலய வளாகத்தின் மதில் ஒரு பக்கம் சரிந்தது. சேகரக் கமிட்டி கூடி, இடிந்த பகுதியை மட்டும் கட்ட 40,000 ரூபாய் அனுமதித்தது. வேலைக்கு வந்த மேஸ்திரி, எஞ்சிய பகுதியிலும் அஸ்திவாரம் இளகியிருப்பதைக் காட்டி, "முழுவதையும் எடுத்துக் கட்டிவிடட்டுமா, ஐயா?" என்று கேட்டார். "கட்டுங்கள், பார்த்துக்கொள்ளலாம்" என்றேன். கமிட்டியின் தீர்மானத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் அவரிடம் நான் சொல்லவில்லை.

சுவர் நன்றாகவே எழும்பியது. கணக்கு 1,15,000 ரூபாய் என்று வந்தது. கமிட்டியில் பெரும் கொந்தளிப்பு. "தீர்மானம் 40,000க்குத்தான் இருக்கிறது. மீதியை மேஸ்திரி ஐயாவிடம் கேட்டுக்கொள்ளட்டும், சபைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை" என்றார்கள். பலரும் அதை ஆமோதித்தார்கள். கடன் வாங்கி ஆட்களுக்குக் கூலி கொடுத்திருந்த மேஸ்திரியோ வெளியே வேப்பமரத்தடியில் காத்திருந்தார்.

அப்போது நீதிமன்றத்தில் எழுத்தராயிருந்து ஓய்வு பெற்ற மூப்பர் ஒருவர் எழுந்தார். "சென்ற ஆண்டு குருமனைக்கு ஓடு மாற்றச் சொன்னது யார்? ஐயா. பணம் கொடுத்தது யார்? நாம். அதற்கு முன் கழிப்பறை கட்டச் சொன்னது யார்? ஐயா. பணம் கொடுத்தது யார்? நாம். எந்த முறையாவது அந்த மனிதரிடம் தீர்மானப் புத்தகத்தைக் காட்டினோமா?" என்று கேட்டார். யாரும் பேசவில்லை. "சரி, இந்தச் சுவரை வைத்துக்கொள்ளப் போகிறோமா, அல்லது அவர் கட்டிய பாகத்தை இடித்து எடுத்துப் போகச் சொல்லப் போகிறோமா?" என்று மீண்டும் கேட்டார். அதற்கும் பதில் இல்லை. பிறகு என் பக்கம் திரும்பினார். "ஐயா, வெளியே நிற்கிறவருக்குச் சபை கடன்பட்டிருக்கிறது. சபைக்கு நீங்கள் கடன்பட்டிருக்கிறீர்கள். இவை இரண்டும் வேறு வேறு கணக்குகள்" என்றார்.

அன்று மாலையே மேஸ்திரிக்கு முழுப் பணமும் கொடுக்கப்பட்டது. நான் வரம்பு மீறியதற்காக ஒரு தொகையைக் கமிட்டி நிர்ணயித்து, இரண்டு ஆண்டுகள் என் சம்பளத்தில் பிடித்தது. அது நியாயமான தீர்ப்பு என்றே இன்றும் கருதுகிறேன்.

அந்த மூப்பர் தம் மனம்போனபடி பேசவில்லை என்பதைப் பின்னர் சட்டப் புத்தகத்தைப் புரட்டியபோது அறிந்தேன். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் பத்தாம் அத்தியாயம், 182 முதல் 238 வரையுள்ள பிரிவுகள், இப்பொருளைப் பற்றியே பேசுகின்றன. மற்றொருவருக்காக ஒரு காரியத்தைச் செய்யவோ, பிறரிடத்தில் அவருடைய பிரதிநிதியாக நடந்துகொள்ளவோ நியமிக்கப்பட்டவர் முகவர். யாருக்காக அவர் செயல்படுகிறாரோ அவரைச் சட்டத் தமிழில் முதல்வர் என்பார்கள். குழப்பம் வராதபடி இங்கே அவரை 'அதிகாரம் தந்தவர்' என்று குறிப்பிடுகிறேன். முகவர் தம் அதிகாரத்துக்கு உட்பட்டுச் செய்த ஒப்பந்தம், அதிகாரம் தந்தவர் தாமே நேரில் செய்ததற்குச் சமம் என்கிறது 226ஆம் பிரிவு. அந்த அதிகாரம் எழுத்திலோ பேச்சிலோ வெளிப்படையாகத் தரப்பட்டிருக்கலாம். சூழ்நிலையிலிருந்தும் வழக்கமான நடைமுறையிலிருந்தும் உணரப்படுவதாகவும் இருக்கலாம்.

முகவர் வரம்பு மீறினால் என்ன ஆகும்? இதற்குச் சட்டம் தரும் உதாரணம் ஓர் ஆயனாகிய என்னை மிகவும் கவர்ந்தது. 500 ஆடுகளை வாங்கி வரும்படி ஒருவன் தன் ஆளை அனுப்புகிறான். அவனோ 500 ஆடுகளோடு 200 குட்டிகளையும் சேர்த்து, எல்லாவற்றுக்கும் ஒரே விலையாக 6,000 ரூபாய் பேசி வாங்குகிறான். அனுமதிக்கப்பட்ட பகுதியை மற்றதிலிருந்து பிரிக்க இயலாததால், அனுப்பியவன் முழு வியாபாரத்தையும் மறுக்கலாம் என்கிறது 228ஆம் பிரிவு. ஆகவே, ஒருவர் நம் பெயரைச் சொன்னார் என்பதற்காக எதற்கெல்லாமோ நாம் கட்டுப்பட வேண்டியதில்லை.

ஆனால் சட்டம் அதோடு நின்றுவிடவில்லை. தன் முகவருக்கு அதிகாரம் இருக்கிறது என்று மற்றவர் நம்பும்படி, அதிகாரம் தந்தவரே தம் சொல்லாலோ நடத்தையாலோ இடமளித்திருந்தால், பிறகு அவர் "நான் அப்படிச் சொல்லவில்லை" என்று விலகிக்கொள்ள முடியாது என்கிறது 237ஆம் பிரிவு. குறிப்பிட்ட விலைக்குக் கீழே விற்காதே என்று முகவரிடம் இரகசியமாகச் சொல்லியிருந்தாலும், அதை அறியாமல் குறைந்த விலைக்கு வாங்கியவனை அந்த இரகசியம் பாதிக்காது. எங்கள் கமிட்டியின் தீர்மானப் புத்தகமும் மேஸ்திரியைப் பொறுத்தவரை அப்படிப்பட்ட இரகசியமே. மேலும், ஒரு காரியத்தைப் பின்னர் ஏற்றுக்கொள்ளுகிறவர் அதில் தமக்கு இலாபமானதை மட்டும் ஏற்றுக்கொண்டு மற்றதைத் தள்ள முடியாது என்கிறது 199ஆம் பிரிவு. சுவரை வைத்துக்கொண்டு கணக்குச்சீட்டைத் திருப்பி அனுப்ப முடியாது என்று அந்த மூப்பர் கேட்டாரே, அதுதான் இது.

அதே சமயம், 211ஆம் பிரிவு முகவரைச் சும்மா விடுவதில்லை. தரப்பட்ட கட்டளையை மீறி நடந்து அதனால் நஷ்டம் உண்டானால், அதை முகவரே ஈடுசெய்ய வேண்டும். அப்படியானால் வெளியே ஒரு கணக்கு, உள்ளே ஒரு கணக்கு. நம்பி வந்தவனை முதலில் வெறுங்கையோடு அனுப்பாதிருக்க வேண்டும். அதன் பிறகு உள்ளே அமர்ந்து யார் தவறு என்று தீர்க்க வேண்டும். நாம் இந்த வரிசையை மாற்றிவிடுகிறோம் என்பதே என் வருத்தம்.

வேதத்தைத் திறந்தால் இதே காரியம் அங்கேயும் நம்மைச் சந்திக்கிறது. 2 இராஜாக்கள் 5ஆம் அதிகாரத்தில், குஷ்டரோகம் நீங்கிய நாகமான் கொண்டுவந்த காணிக்கையை எலிசா வாங்க மறுத்துவிடுகிறார். எலிசாவின் வேலைக்காரனாகிய கேயாசி நாகமானின் இரதத்துக்குப் பின்னே ஓடி, தன் எஜமான் தன்னை அனுப்பியதாகச் சொல்லி, ஒரு தாலந்து வெள்ளியும் இரண்டு மாற்று வஸ்திரங்களும் கேட்கிறான். நாகமான் இரண்டு தாலந்து வாங்கிக்கொள்ளும்படி அவனை வருந்திக் கேட்டுக் கொடுக்கிறான்.

நாகமான் ஏன் அவனை விசாரிக்கவில்லை? காரணம் அதே அதிகாரத்தில் இருக்கிறது. யோர்தானில் ஏழுதரம் முழுகும்படி எலிசா சொன்ன வார்த்தை நாகமானுக்கு முதலில் வந்து சேர்ந்ததும் ஓர் ஆளின் மூலமாகத்தான். அந்த ஆள் சொன்னது மெய்யாயிற்று. அவன் மாம்சம் சுத்தமாயிற்று. அப்படியிருக்க, எலிசாவின் வீட்டிலிருந்து மறுபடியும் ஒருவன் வந்து எஜமான் பெயரைச் சொல்லும்போது அவன் எப்படிச் சந்தேகிப்பான்? அவனுடைய நம்பிக்கையில் குற்றமில்லை.

கேயாசி தண்டனை பெற்றான் என்று வாசிக்கிறோம். ஆனால் அந்த வெள்ளி நாகமானுக்குத் திரும்பிப் போனதாக நாம் வாசிப்பதில்லை. இஸ்ரவேலின் தேவனுடைய கிருபை விலைக்கு அல்ல என்று எலிசா தம் மறுப்பினாலே பிரசங்கித்த பிரசங்கத்தை, கேயாசி ஒரு பொய்யினாலே அழித்துப்போட்டான். வெள்ளியின் நஷ்டத்தைவிடப் பெரிய நஷ்டம் எலிசாவின் பெயருக்கு நேர்ந்தது. அந்தப் பெயருக்குப் பின்னே நிற்கிற பெயருக்கும் நேர்ந்தது.

லூக்கா 16ஆம் அதிகாரத்தின் உக்கிராணக்காரனையும் பாருங்கள். கணக்கொப்புவிக்கும்படியும், இனி அவன் உக்கிராணக்காரனாயிருக்க முடியாதென்றும் எஜமான் அவனிடம் சொல்லிவிட்டார். அவன் உடனே கடனாளிகளை வரவழைத்து, நூறு குடம் எண்ணெயை ஐம்பதாகவும், நூறு கலம் கோதுமையை எண்பதாகவும் சீட்டில் எழுதச் செய்கிறான். வேலை போகிறது என்பது அவனுக்குத் தெரியும். சீட்டை மாற்றி எழுதினவர்களுக்கு அது தெரிந்திருந்ததாகக் கதை சொல்லவில்லை. அவர்களைப் பொறுத்தவரை அவன் இன்னும் உக்கிராணக்காரனே. அவனுடைய தந்திரம் பலித்தது அதனால்தான்.

இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 208ஆம் பிரிவும் இதையே எதிர்பார்த்து எழுதப்பட்டதுபோல் இருக்கிறது. சென்னையில் இருக்கும் ஒருவர், பம்பாய்க் கிடங்கிலுள்ள தம் பருத்தியை விற்கும்படி முகவருக்குக் கடிதம் எழுதுகிறார். பின்பு மனம் மாறி, விற்க வேண்டாம், சென்னைக்கு அனுப்பிவிடு என்று இரண்டாம் கடிதம் எழுதுகிறார். இரண்டாம் கடிதத்தைப் பெற்றுக்கொண்ட பின்னும் முகவர் பருத்தியை மூன்றாம் நபருக்கு விற்று, பணத்தோடு ஓடிவிடுகிறார். வாங்கியவருக்கு முதல் கடிதம் தெரியும், இரண்டாவது தெரியாது. அவர் செலுத்திய பணம் செல்லும், நஷ்டம் பருத்திக்காரருக்கே என்கிறது சட்டம். அதிகாரத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டவர், அதை முகவருக்குச் சொன்னால் போதாது. அந்த முகவரை நம்பி வருகிறவர்களுக்கும் தெரியப்படுத்த வேண்டும்.

இந்த இடத்தில் நம் வீடுகளுக்கு அவசியமான ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். நம் சபைகளில் வயதான பெற்றோர் பலர், வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பிள்ளைகளுக்காகவோ, அருகிலிருக்கும் உறவினருக்காகவோ, பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுக்கிறார்கள். 'பவர் எழுதிக் கொடுத்தேன்' என்று எளிதாகச் சொல்லுகிறோம். என்ன கொடுத்தோம் என்பதை அறிந்திருக்கிறோமா? அந்தப் பத்திரம் சொத்தைக் கைமாற்றுவதில்லை. நமக்காகச் செயல்படும் அதிகாரத்தை மட்டுமே தருகிறது. பவர் பத்திரத்தைக் கொண்டு வீடு நிலங்களை விற்றதாகக் கருதும் வழக்கத்தைக் குறித்து, 2011ஆம் ஆண்டு சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. முறையாகப் பதிவு செய்யப்பட்ட கிரையப் பத்திரத்தினாலேயே உரிமை மாறும். ஆகவே பவர் பத்திரத்தை மட்டும் வாங்கிக்கொண்டு நிலம் வாங்கிவிட்டோம் என்று மகிழ்கிறவர்கள் கவனமாயிருங்கள்.

ஆனால் அந்தப் பத்திரத்தில் விற்கும் அதிகாரமும் எழுதப்பட்டிருந்தால், அதைப் பெற்றவர் உங்கள் பெயரில் போடும் கையெழுத்து உங்கள் கையெழுத்தாகவே நிற்கும். ஆகவே வாடகை வசூலிக்க ஆள் வேண்டுமானால், வாடகை வசூலிக்க மட்டும் அதிகாரம் கொடுங்கள். வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டு, விளங்கிய பின்பே கையெழுத்திடுங்கள். இரத்து செய்தால், பதிவு அலுவலகத்தில் இரத்துப் பத்திரத்தைப் பதிவு செய்வதோடு, முகவருக்கும், வங்கிக்கும், குடியிருப்போருக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். எழுதிக் கொடுத்தவர் மரித்தாலோ, சித்த சுவாதீனத்தை இழந்தாலோ, பொதுவாக அந்த அதிகாரம் முடிந்துபோகிறது என்கிறது 201ஆம் பிரிவு. தாயின் நினைவு மங்கிய பின், அல்லது தகப்பனை அடக்கம் செய்த பின், பழைய பவர் பத்திரத்தை எடுத்துக்கொண்டு போகும் பிள்ளைகளே, நீங்கள் செய்வது சாமர்த்தியம் அல்ல. முடிந்துபோன அதிகாரத்தை அறியாதவர் முன் நீட்டுகிறீர்கள். அது உக்கிராணக்காரனின் வழி.

ஒரு நியாயமான மறுப்பு எழலாம். 'போதகர் சொல்லுக்கெல்லாம் சபை கட்டுப்படுமானால், ஒரு போதகர் சபையையே அழித்துவிட மாட்டாரா?' என்று கேட்பீர்கள். இல்லை. நம்பியவனைச் சட்டம் காப்பது, அவன் நேர்மையாகவும் நியாயமாகவும் நம்பியிருக்கும்போது மட்டுமே. வரம்பை அறிந்தும் கண்ணை மூடிக்கொண்டவனுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஓடு மாற்றச் சொல்லுவது ஒரு போதகர் வழக்கமாகச் செய்யும் காரியம். ஆலய நிலத்தை விற்பது அப்படியல்ல. சபைச் சொத்துகள் பெரும்பாலும் அதற்கென்று அமைந்த அறக்கட்டளைகளின் பெயரிலேயே இருக்கின்றன. ஒரு போதகரின் வாய்ச்சொல்லை மட்டும் நம்பி அவற்றுக்கு முன்பணம் கொடுத்தவர், தாம் விசாரிக்கத் தவறியதற்குத் தாமும் பொறுப்பாளியே. காரியம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு விசாரணை தேவை.

ஆயினும் நம் சபைகளில் நான் அதிகமாகக் காண்பது இந்தப் பெரிய காரியங்கள் அல்ல. பந்தல் போட்டவர், ஒலிபெருக்கி வைத்தவர், அசன விருந்துக்கு அரிசி கொடுத்த கடைக்காரர், பள்ளிக்கூடத்துக்கு வர்ணம் அடித்தவர் ஆகியோரின் சிறு கடன்களே. கமிட்டி மாறியவுடன், "அது பழைய கமிட்டி சொன்னது" என்கிறோம். போதகர் மாற்றலாகிப் போனவுடன், "அவரிடமே கேளுங்கள்" என்கிறோம். வேலை செய்தவர் எந்தக் கமிட்டியையும் அறியார். அவர் அறிந்தது கோயிலை. கோயில் சொன்னது என்று நம்பினார். அவரைத் திருப்பி அனுப்பும்போது நாம் மிச்சப்படுத்துவது சில ஆயிரம் ரூபாய். இழப்பது நாகமானுடைய கண்களில் எலிசா இழந்ததை.

முடிவாக, என்னைப் போன்ற ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. இதைச் சொல்லவே இவ்வளவு தூரம் வந்தேன்.

ஒரு தாய் என்னிடம் வந்தார். அவருடைய மகன் நோயுற்றிருந்தபோது, ஜெபிக்க வந்த ஓர் ஊழியர், இந்தப் பிள்ளை பிழைப்பான் என்று கர்த்தர் தம்மிடம் சொன்னதாக உறுதி கூறியிருந்தார். பிள்ளை மரித்துப்போனான். அந்தத் தாய் ஊழியரைக் குறை சொல்லவில்லை. "ஆண்டவர் ஏன் ஐயா வாக்கு மாறினார்?" என்று மட்டுமே கேட்டார்.

நெடுநேரம் என்னால் பதில் பேச முடியவில்லை. பிறகு, "அம்மா, அது ஆண்டவர் கொடுத்த வாக்கு அல்ல. அவர் பெயரில் வேறொருவர் கொடுத்தது" என்றேன். அதைச் சொல்லும்போதே என் மனச்சாட்சி என்னைக் குத்தியது. எத்தனை மருத்துவமனைக் கட்டில்களின் அருகே, எத்தனை ஜனவரி முதல் தேதி ஆராதனைகளில், நானும் எனக்குத் தரப்படாத வாக்குகளை அவர் பெயரில் கொடுத்திருக்கிறேன்! வேலை கிடைக்கும், கடன் தீரும், இவ்வாண்டே வீடு கட்டுவீர்கள் என்று சொல்லும்போது சபை ஆமென் என்கிறது. நாங்கள் மகிழ்ச்சியாய் வீட்டுக்குப் போகிறோம். கணக்குச்சீட்டு தேவனுடைய பெயருக்கு அனுப்பப்படுகிறது.

தாம் அனுப்பாதிருந்தும் ஓடின தீர்க்கதரிசிகளைக் குறித்துக் கர்த்தர் வருந்துவதை எரேமியா 23ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். நமது ஆண்டவரோ தாம் சுயமாய்ப் பேசவில்லை என்றும், பேச வேண்டியதைப் பிதாவே கட்டளையிட்டார் என்றும் யோவான் 12:49இல் சொல்லுகிறார். சகல அதிகாரமும் உடையவரே தமக்குத் தரப்பட்டதற்கு மேல் ஒரு வார்த்தையும் பேசவில்லையானால், அவருடைய ஸ்தானாபதிகள் என்று சொல்லிக்கொள்ளுகிற நாம் எவ்வளவு அச்சத்தோடு வாய் திறக்க வேண்டும்! 'உங்களோடு இருப்பேன்' என்பது அவர் தந்த வாக்கு. அதைத் தைரியமாய்ச் சொல்லலாம். 'உங்கள் பிள்ளை பிழைப்பான்' என்பதை நமக்குத் தராதபோது, அதற்காக ஜெபிக்கலாம், அழலாம், அந்தக் கட்டிலின் அருகே உட்கார்ந்திருக்கலாம். அவர் பெயரில் கையெழுத்திட நமக்கு அதிகாரமில்லை.

அந்தத் தாய் இன்றும் ஆராதனைக்கு வருகிறார். ஒவ்வொரு முறையும் பிரசங்க பீடத்தில் ஏறும்போது அவர் உட்கார்ந்திருக்கும் இடத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுகிறேன். அதன் பிறகே வேதத்தைத் திறக்கிறேன்.

இவ்வாரம் நாம் ஒவ்வொருவரும் நம்மை ஆராய்ந்து பார்ப்போம். யாருடைய பெயரில் நான் பேசுகிறேன்? அவர் எனக்கு எவ்வளவு தந்தார்? என் சொல்லை நம்பியவர் யாராவது இன்னும் வெளியே வேப்பமரத்தடியில் காத்திருக்கிறாரா? இருந்தால், ஞாயிற்றுக்கிழமைக்கு முன் அவருடைய கணக்கைத் தீர்த்துவிடுங்கள்.

பரலோகப் பிதாவே, உம்முடைய நாமத்தைச் சுமக்கிற எங்கள் வாயைக் காத்தருளும். எங்களை நம்பினவர்கள் எங்களால் வெட்கப்படாதபடி செய்யும். இயேசுவின் மூலம் ஜெபிக்கிறோம், ஆமென்.